வால்வு லீனியருக்கு 2,700 வோல்ட்: மூன்றாவது முறை கட்டிய பவர் சப்ளை

பதினொரு குண்டு பல்புகளைத் தொடராக மாட்டி, பத்து நிமிடம் எரியவிட்டு, ஒரு சிக்கலும் இல்லாமல் அணைத்தபோதுதான் வால்வு லீனியருக்கான (ரேடியோ சிக்னலின் பவரைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) இந்தப் பவர் சப்ளை முடிந்தது என்று மனம் ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு பல்பும் 230 வோல்ட், 100 வாட். வரிசையின் இரு முனைகளுக்கும் நடுவே 2,450 வோல்ட் டிசி, ஓடிய மின்னோட்டம் 430 மில்லிஆம்பியர். ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல். அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம், நெற்றியில் சூடு தெரிந்தது. இதற்கு முன் இதே பெட்டியை இரண்டு முறை கட்டிக் கலைத்திருக்கிறேன். எங்கே தவறினேன், எதை மாற்றினேன் என்பது மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

இந்த வேலையில் பாதிதான் உயர் வோல்டேஜை உண்டாக்குவது. அணைத்த பிறகு அது உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது மீதிப் பாதி. முதல் இரண்டு முறையும் அந்த மீதிப் பாதிக்கு நான் இடமே ஒதுக்கவில்லை.

வால்வு ஒற்றை 3-500 இசட். கிரிட்டைத் தரையோடு இணைத்து, கேத்தோடு வழியாக டிரைவ் (உள்ளே வரும் சிக்னல்) கொடுக்கும் வழக்கமான அமைப்பு. பிளேட்டுக்கு (உயர் வோல்டேஜ் போய்ச் சேரும் முனை) 2,500 வோல்ட் அளவில் 400 மில்லிஆம்பியர் தேவை. சிக்னல் இல்லாமலே சுமார் 130 மில்லிஆம்பியர் இழுக்கும். ஃபிலமென்ட்டுக்கு 5 வோல்ட், 14.5 ஆம்பியர். இந்த ஐந்து எண்களை வைத்துக்கொண்டுதான் எல்லாக் கணக்கும்.

முதல் முறை ஒரு பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்கினேன். இலவசமாகக் கிடைத்தது, இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் தந்தது, ஆசை வந்துவிட்டது. அதில் உயர் வோல்டேஜ் சுற்றின் ஒரு முனை இரும்புக் கோரோடு சேர்த்தே இருக்கும். பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் நான்கு கை டயோடு அமைப்பு) போட வேண்டுமென்றால் எந்த முனையும் தரையில் இருக்கக் கூடாது. அதனால் கோரையே சேசிஸிலிருந்து பிரித்து அக்ரிலிக் தகட்டின் மேல் உட்காரவைத்தேன். அதாவது கைப்பிடி அளவு இரும்புக் கட்டி ஒன்று முழுக்க உயர் வோல்டேஜில், பெட்டிக்குள் திறந்தபடி. அது போதாதென்று, கோர் மிச்சம்பிடித்துச் செய்தது என்பதால் லோடே இல்லாமல் இருபது நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு. அடுப்பில் அதற்குக் காற்றாடி உண்டு, ஓடுவதும் சில நிமிடம்தான். இங்கே மணிக்கணக்கில் ஸ்டாண்ட்பையில் நிற்க வேண்டும். கழற்றி வைத்துவிட்டேன். யாராவது இதே யோசனையில் இருந்தால், அந்த இரண்டு வாரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்லிச் சுற்றவைத்தேன். பிரைமரி 230 வோல்ட், செகண்டரி 1,900 வோல்ட். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இது ஒன்றுக்கே போனது, வருத்தமில்லை. சுற்றுபவரிடம் "400 மில்லிஆம்பியர் டிசி" என்று மட்டும் சொன்னால் போதாது. ஃபில்டர் கெப்பாசிட்டர் நேரடியாக இருக்கும்போது மின்னோட்டம் கூர்மையான துடிப்புகளாகத்தான் வரும். செகண்டரியில் ஓடும் ஆர்எம்எஸ் மின்னோட்டம் (கம்பியைச் சூடாக்கும் கணக்கில் வரும் அளவு) டிசி அளவைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு. எனவே 0.7 ஆம்பியருக்குக் கம்பி கேட்டேன். வந்ததும் முதலில் ஓம் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: செகண்டரி 28 ஓம், பிரைமரி 0.4 ஓம். டர்ன்ஸ் விகிதத்தின் (இரு பக்கச் சுற்று எண்ணிக்கைகளின் விகிதம்) வர்க்கத்தால் பெருக்கினால் பிரைமரியின் 0.4 ஓம், செகண்டரி பக்கம் இன்னொரு 27 ஓமாகத் தெரியும். ஆக மொத்தம் 55 ஓம். லோடு ஏறும்போது வோல்டேஜ் எவ்வளவு சரியும் என்பதை இந்த ஒரு எண்ணே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

1,900 ஆர்எம்எஸ்ஸை 1.414 ஆல் பெருக்கினால் லோடு இல்லாத வோல்டேஜ் 2,690. பிரிட்ஜில் ஒவ்வொரு கையும் இந்த அளவுக்குத் தலைகீழ் வோல்டேஜைத் தாங்க வேண்டும். 1என்5408 டயோடு 1,000 வோல்ட், 3 ஆம்பியர். கைக்கு நான்கு, மொத்தம் பதினாறு. பழைய சர்க்யூட்களில் ஒவ்வொரு டயோடுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கும். ஒரே தொகுப்பில் வாங்கிய இன்றைய டயோடுகளுக்கு அவை தேவையில்லை என்பது என் முடிவு. 1,000 வோல்ட் தாங்காத சாதாரண ரெசிஸ்டரை அங்கே போட்டால் அதுவே முதலில் சாகும், டயோடையும் கூட்டிக்கொண்டு போகும். நான் போடவில்லை. இந்த டயோடுகளால் எனக்கு இதுவரை தொல்லை வந்தது ஒரே ஒரு முறை. அதற்கும் காரணம் வேறு, பின்னால் வருகிறது.

கெப்பாசிட்டர்கள் எட்டு: ஒவ்வொன்றும் 470 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். தொடரில் 58.75 மைக்ரோஃபாரட், 3,600 வோல்ட். ஒன்றுக்கு 336 வோல்ட்தான் வரும் என்பதால் தாராளமான இடைவெளி. முழுச் சார்ஜில் இந்த வரிசைக்குள் சுமார் 212 ஜூல் நிற்கிறது. ஆளைக் கொல்ல அதில் ஒரு சிறு பங்கே போதும்.

இரண்டாவது முறை கட்டியபோது இந்தக் கெப்பாசிட்டர்களை அலுமினியக் கிளாம்ப் போட்டு நேரே சேசிஸில் இறுக்கியிருந்தேன். வெளியே பிளாஸ்டிக் உறை இருக்கிறதே என்ற தைரியம். அந்த உறை பெயர் அச்சடிக்க; இரண்டாயிரம் வோல்ட்டைத் தடுக்க அல்ல. கெப்பாசிட்டரின் உலோக உடல் அதன் மைனஸ் முனையோடு ஒட்டியே இருக்கும். வரிசையில் உச்சியில் உள்ளதன் உடல் சேசிஸைவிட 2,350 வோல்ட் மேலே நிற்கிறது. நடுவில் இருப்பது கால் மில்லிமீட்டர்கூட வராத பிளாஸ்டிக். நல்லவேளை, அது வெடிப்பதற்குள் கவனித்துவிட்டேன். இப்போது எட்டும் 6 மில்லிமீட்டர் கிளாஸ் எபாக்ஸித் தகட்டில் நிற்கின்றன. உலோகக் கிளாம்ப் இல்லை, சேசிஸுக்கும் அவற்றுக்கும் எல்லாப் பக்கமும் 25 மில்லிமீட்டர் காற்று.

கவனிக்காமல் விட்டது சமன் ரெசிஸ்டர்களை: வோல்டேஜை எட்டுக்கும் சமமாகப் பிரித்து, அணைத்த பிறகு சார்ஜையும் வடியவிடுபவை. ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 100 கிலோ ஓம், 2 வாட் ஒன்று. கணக்கில் அது எரிப்பது 1.13 வாட், எனவே 2 வாட் போதும் என்று எண்ணினேன். போதவில்லை. ரெசிஸ்டர்களைக் கெப்பாசிட்டரின் தலையோடு ஒட்டவைத்துச் சால்டர் செய்திருந்ததால் இரண்டும் ஒன்றையொன்று சூடாக்கின. மூன்றாவது வாரம் மேலிருந்து ஐந்தாவது கெப்பாசிட்டரின் தலை லேசாக உப்பியிருந்தது. விரலால் தடவினால்தான் தெரியும் அளவுக்கு, அவ்வளவு மெல்லிய மேடு.

ஓடும்போது ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் அளக்க யாரும் போகக் கூடாது. நான் செய்தது: பிரைமரிக்கு முன்னால் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மொத்த வோல்டேஜை 800க்குக் குறைத்தேன். மீட்டர் வயர்களைக் கிளிப்பால் முதலிலேயே மாட்டி, பிறகு சுவிட்ச் போட்டு, தொடாமல் படித்தேன். அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, அடுத்ததற்கு மாற்றினேன். சமமாகப் பிரிந்தால் ஒன்றுக்கு 100 வோல்ட் வர வேண்டும். ஏழு கெப்பாசிட்டர்கள் 92 காட்டின. ஐந்தாவது 155. ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தால் 168 கிலோ ஓம். முழு வோல்டேஜில் அந்தக் கெப்பாசிட்டரை 500க்கு மேலே தள்ளப் பார்த்திருக்கிறது. 450 வோல்ட் கெப்பாசிட்டர் உப்பாமல் என்ன செய்யும்.

இப்போது ஒரு கெப்பாசிட்டருக்கு 47 கிலோ ஓம், 3 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டு, தொடராக. ஒன்றின் மேல் 168 வோல்ட், 0.6 வாட். தனித் தகட்டில், கெப்பாசிட்டர்களிலிருந்து 40 மில்லிமீட்டர் தள்ளி, காற்றோட்டம் படும் இடத்தில். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத் தொட்டால் வெதுவெதுப்புதான்.

என்னை உண்மையில் உலுக்கியது மீட்டர். முன்பக்கத்தில் 1 மில்லிஆம்பியர் மீட்டர் ஒன்றை 3,000 வோல்ட் காட்டும்படி வைத்திருந்தேன். அதற்கு 3 மெகா ஓம் வேண்டும். 1 மெகா ஓம், 1 வாட் மூன்றைத் தொடரில் போட்டேன். வாட் கணக்கு சரி, ஒன்றுக்கு 0.8தான். ஆனால் ரெசிஸ்டருக்கு வாட் வரம்பு போல வோல்டேஜ் வரம்பும் உண்டு. 1 வாட் வகையில் அது பெரும்பாலும் 500 வோல்ட். நான் ஒன்றின் தலையில் ஏற்றி வைத்திருந்தது 900. ஒரு நாள் மாலை ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் துள்ளி, பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. உயர் வோல்டேஜ் போய்விட்டது, ஃபியூஸாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, மூடியின் திருகுகளைக் கழற்றினேன். அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மீட்டர் பூஜ்யம். கையை நீட்டும் முன், பழக்கத்தால் மட்டுமே, டிஸ்சார்ஜ் குச்சியை (சார்ஜைச் சேசிஸுக்கு இறக்கும் கொக்கி வைத்த குச்சி) எடுத்து மேல் முனையில் வைத்தேன்.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். பித்தளைக் கொக்கியின் நுனியில் மிளகு அளவுக்குக் குழி, சுற்றிலும் கருப்பு. பிறகு கணக்குப் போட்டேன்: அப்போதிருந்த 47 விநாடி நேர மாறிலிக்கு (வோல்டேஜ் ஏறத்தாழ 37 சதவீதமாக இறங்க ஆகும் நேரம்), ஒரு நிமிடம் கழித்து 750 வோல்ட் மிச்சம் இருந்திருக்கும். அந்த மூன்று 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று உள்ளுக்குள் அறுந்திருந்தது, அவ்வளவுதான். சப்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் காட்டும் கருவிக்குத்தான் உயிர் போயிருந்தது. அன்று பெட்டியை மூடிவிட்டேன். ஒரு வாரம் திறக்கவில்லை.

திறந்தபோது மீட்டரிலிருந்து தொடங்கினேன். இப்போது 300 கிலோ ஓம், 1 வாட் பத்து, தொடராக. ஒன்றுக்கு 269 வோல்ட், கால் வாட். அதோடு மீட்டருக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் ஒன்று. மீட்டரின் சுருள் 100 ஓம் அளவுதான் என்பதால் இதனால் வரும் பிழை 1 சதவீதம். ஆனால் சுருள் அறுந்தால், இந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் முழு 2,690 வோல்ட்டும் முன்பக்கத் தகட்டில் இருக்கும் மீட்டர் முனைக்கு வந்து நிற்கும். இது இருந்தால் 9 வோல்ட்டுக்கு மேல் போகாது.

மீட்டரைச் சாராத இன்னொரு சாட்சியும் வேண்டும் என்பதால், அடியில் உள்ள கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 1 மெகா ஓம் வழியாக ஒரு நியான் விளக்கு வைத்தேன். எரிந்தால் உள்ளே மின்சாரம் இருக்கிறது. அணைந்தால் இல்லை என்று அர்த்தமல்ல. நியான் 60 வோல்ட் வாக்கில் அணைந்துவிடும். அடிக் கெப்பாசிட்டரில் 60 என்றால் முழு வரிசையில் இன்னும் 500க்குப் பக்கம் இருக்கிறது. இதை மூடியின் உட்புறம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் குச்சியும் மாறியது. 60 சென்டிமீட்டர் ஃபைபர் கிளாஸ் கம்பிகள் இரண்டு. முதல் குச்சியின் கொக்கிக்கும் சேசிஸுக்கும் நடுவே 1 கிலோ ஓம், 50 வாட் ரெசிஸ்டர்கள் மூன்று தொடராக. சத்தமில்லாமல் ஒரு விநாடியில் காலியாக்கும். இரண்டாவது நேரடி. அதைக் கடைசியில் மேல் முனையில் மாட்டி, வேலை முடியும்வரை அப்படியே விட்டுவிடுவேன். காலியான எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் (இந்த எட்டும் அந்த வகை) சற்று நேரம் கழித்துக் கொஞ்சம் வோல்டேஜ் தானாகத் திரும்பி வரும்.

அடுத்தது சுவிட்ச் போடும் கணம். காலியான கெப்பாசிட்டர் வரிசை முதல் நொடியில் ஷார்ட் போலத்தான். நேரடியாகப் போட்டால் மெயின் ஃபியூஸ் தாங்காது. எனவே பிரைமரியில் 50 ஓம், 50 வாட் ரெசிஸ்டர்; சார்ஜ் ஏறியதும் ஒரு ரிலே மூடி, அதைத் தாண்டி மின்சாரத்தை நேரே விட்டுவிடும். இரண்டாவது முறை இந்த ரிலேவை 2 விநாடி டைமரில் விட்டிருந்தேன். நன்றாகத்தான் ஓடியது, உயர் வோல்டேஜ் வயர் ஒன்று சேசிஸ் துளையின் விளிம்பில் உரசி இன்சுலேஷன் தேயும்வரை. அன்று சுவிட்ச் போட்டதும் ரெசிஸ்டர் புகைந்தது. டைமருக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? 2 விநாடி ஆனதும் ரிலேவை மூடி, முழு மெயின்ஸையும் ஷார்ட்டுக்குள் ஊற்றியது. மெயின் ஃபியூஸும் நான்கு டயோடுகளும் போயின. மேலே சொன்ன ஒரே தொல்லை இதுதான்.

மாற்று வழி டைமரைவிட எளிது, விலையும் குறைவு. 230 வோல்ட் ஏசி சுருள் உள்ள ரிலேவை எடுத்து, சுருளை டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்குக் குறுக்கே, அதாவது ரெசிஸ்டருக்குப் பின்னால் இணைக்க வேண்டும். கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆக ஆகப் பிரைமரி வோல்டேஜ் உயரும். முக்கால்வாசி வந்ததும் ரிலே தானாக இழுக்கும். எனக்கு அரை விநாடியில் "டக்" என்று கேட்கிறது. உள்ளே ஷார்ட் இருந்தால் பிரைமரி வோல்டேஜ் எழவே எழாது, ரிலேவும் இழுக்காது. ஆனால் அப்போது ரெசிஸ்டர் மட்டும் ஒரு கிலோவாட் வாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அதனோடு தொடராக 1.6 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ். கெப்பாசிட்டர் வரிசையை வேண்டுமென்றே ஷார்ட் செய்து சோதித்தேன்: ரிலே அசையவில்லை, சில விநாடிகளில் ஃபியூஸ் போனது. டயோடுகள் பிழைத்தன.

உயர் வோல்டேஜ் வெளியே போகும் வழியில் 50 ஓம், 50 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. வால்வுக்குள் திடீரென ஆர்க் அடித்தால் மின்னோட்டம் 54 ஆம்பியரைத் தாண்டாமல் தடுப்பது அது. சாதாரண வேலையில் தின்பது 20 வோல்ட் மட்டுமே. பிளேட் மின்னோட்டத்தை மைனஸ் பக்கம் 1 ஓம் ஷன்ட்டில் (மின்னோட்டத்தை அளக்கத் தொடரில் வைக்கும் ரெசிஸ்டர்) அளக்கிறேன். 400 மில்லிஆம்பியருக்கு 0.4 வோல்ட். அதன் குறுக்கே எதிரெதிர்த் திசையில் இரண்டு 1என்5408. அவை இல்லாவிட்டால் அந்த 54 ஆம்பியர் ஷன்ட்டில் 54 வோல்ட்டாக எழுந்து மீட்டரைக் கொன்றுவிடும்.

ஃபிலமென்ட் பக்கம் பெரிய கதை இல்லை. 5 வோல்ட், 15 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். அதன் முனையில் அளந்தால் சரியாக 5.0, வால்வின் பின்னில் அளந்தால் 4.7. அனுமதி 4.75 முதல் 5.25 வரை. நீளமான வயரிலும் ஃபிலமென்ட் சோக்கிலும் (ரேடியோ சிக்னல் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகாமல் தடுக்கும் சுருள்) 0.3 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரை வால்வுக்குப் பக்கத்தில் நகர்த்தி, வயரை 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினேன், 4.9 வந்தது. எங்கே அளக்கிறோம் என்பதுதான் விஷயம்.

பல்புச் சோதனைக்கு மரப்பலகையில் பீங்கான் ஹோல்டர்கள் பதினொன்று. பலகையைச் சேசிஸிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்து, வேரியாக்கில் மெல்ல ஏற்றினேன். குளிர்ந்த டங்ஸ்டனின் ரெசிஸ்டன்ஸ் சூடானதில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் சட்டென்று போடக் கூடாது. 1,000 வோல்ட் மல்டிமீட்டரை இங்கே நேரடியாக வைக்க முடியாது. ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும் ஹை வோல்டேஜ் புரோபை முன்கூட்டியே மாட்டிவிட்டுத் தள்ளி நின்று படித்தேன். லோடு இல்லாமல் 2,690, பல்புகளோடு 2,450. சரிவு 9 சதவீதம். 55 ஓம் கணக்கு 2,500 சொன்னது; மீதியை மெயின்ஸின் சரிவு விழுங்கியிருந்தது.

அணைத்த பிறகு, பல்புகளைக் கழற்றிவிட்டு மறுபடி சார்ஜ் ஏற்றி, ஸ்டாப் வாட்ச்சோடு இறக்கத்தைப் பார்த்தேன். நியான் அணைந்தது 1 நிமிடம் 20 விநாடியில். 50 வோல்ட்டுக்கு இறங்க 3 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. இரண்டும் கணக்கு சொன்னதைவிட அதிகம்; கெப்பாசிட்டர்கள் அச்சடித்ததைவிடப் பெரியவை போலும்.

இன்னொரு முறை கட்டினால் சமன் ரெசிஸ்டரைப் பாதியாக்குவேன், கெப்பாசிட்டருக்கு 47 கிலோ ஓம் வரும்படி. மொத்தமாக 19 வாட் வெப்பம் வெளியேறும், அதற்கு ஒரு சிறு காற்றாடி போதும். காத்திருக்கும் நேரம் ஒன்றரை நிமிடமாகக் குறையும். டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரிக்குக் கூடுதல் டேப் (சுற்றின் நடுவே எடுக்கும் இணைப்பு முனை) கேட்பேன், இப்போது 2,690ஐக் குறைக்க எனக்கு வேரியாக்கைத் தவிர வழியில்லை. மூடியைத் தூக்கியதும் பிரைமரியைத் துண்டிக்கும் சுவிட்ச் மாட்டிவிட்டேன். அதே அசைவில் மூன்று கிலோ ஓம் வழியாக வரிசையைத் தரைக்கு இறக்கும் ஸ்பிரிங் தகடு இன்னும் பாக்கி. பித்தளைத் தகடு வெட்டியாயிற்று. துளை போட வேண்டும். அதுவரை இரண்டு குச்சிகளும் பெட்டியின் மேலேயே, மூடியைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் அவற்றை எடுத்தே ஆக வேண்டிய இடத்தில், கிடக்கின்றன.